தீவுக்கு நாலு பேர்

லாஸ்பேட்டை,
18-1-2025

என் ஆசை மாமா சக்கரபாணிக்கு, வெளியே இருக்கிற அஞ்சலாட்சி எழுதுவது.

நாங்கள் மூன்று பேரும் நலம். உனக்கு என்ன குறைச்சல்? வேளைக்குச் சோறு, வாசலில் துப்பாக்கியோடு காவல். ஞாயிற்றுக்கிழமையானால் கோழிக்கறி வேறு போடுகிறார்களாமே. எனக்கு ஏற்ற மாதிரி சின்னதாக ஒரு கேஸ் இருந்தால் சொல், நானும் வந்துவிடுகிறேன்.

போன் இருக்கும்போது லெட்டர் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ எங்கே பேசுகிறாய்? "ம்" என்கிறாய். உன் பின்னால் வரிசையில் நிற்கிறவன் இருமுகிறான். அவன் இருமலைக் கேட்கவா நான் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்? லெட்டரில்தான் நீ நாலு வார்த்தை பேசுகிறாய். மூன்றாம் வகுப்போடு ஏறக்கட்டியவள் எழுதுவது. தப்பு இருந்தால் சிரித்துக்கொள். நீ சிரித்து ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

காணும் பொங்கலுக்கு ஊரே கடற்கரையில் கிடந்தது. பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள் அண்டா நிறையப் புளிச்சோறு கிண்டி, ஒரே ஆட்டோவில் குடும்பத்தையே திணித்துக்கொண்டு போனாள். போகும்போது நமக்கும் ஒரு தூக்கில் கொடுத்தாள். முகிலன் அதை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா, துன்னலயா?"

"இது கடல்ல வெச்சுத் துன்றது" என்கிறான்.

நீ உள்ளே போனபோது தவழ்ந்துகொண்டிருந்தவன், மாமா. இப்போது எதை எங்கே வைத்துத் தின்பது என்று எனக்குச் சட்டம் சொல்கிறான்.

நான் ரூம் பெருக்குகிற ஒயிட் டவுன் லாட்ஜுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ரிசப்ஷனில் இருக்கிற சரிதாவிடம் கேட்கிற முதல் கேள்வி, "ஃபேமிலியோட போக நல்ல எடம் எது?" அவள் கிளி மாதிரி ஒப்பிப்பாள். "சுண்ணாம்பாறு போட் ஹவுஸ் போங்க சார். படகுல ஏறுனா தீவு மாதிரி மணல். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் கடல். கொழந்தைங்க வெளையாடலாம். அங்கயே மீன் வறுத்துத் தருவாங்க. சாயந்திரம் திரும்பிடலாம்." வருஷக்கணக்காக இதைத் துடைப்பத்தோடு நின்று கேட்கிறேன். டெல்லிக்காரன் போய்விட்டான், பிரான்சுக்காரன் போய்விட்டான். இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்க்கைப்பட்ட நான் போகவில்லை.

அதனால் முடிவெடுத்துவிட்டேன். உனக்கு ஒரே ஒரு நாள் லீவு கேட்கப் போகிறேன். நீ, நான், சிந்துஜா, முகிலன். நாலு பேரும் படகில் போகிறோம், தின்கிறோம், வருகிறோம். போன வருஷம் என் வயிற்றில் போட்ட தையல் நன்றாக ஆறிவிட்டது. அந்த டாக்டர் கைக்கு ரவிக்கை கொடுத்தால்கூட நன்றாகத் தைப்பார்.

உன் வீட்டு எஜமானி,
அஞ்சலாட்சி


சிறையிலிருந்து,
4-2-2025

அஞ்சலைக்கு,

லெட்டர் கிடைத்தது. தப்பு நிறைய இருந்தது. சிரித்தேன்.

லீவு என்றால் பள்ளிக்கூட லீவு என்று நினைத்தாயா? பெற்றவர்கள் சாவு, பிள்ளை கல்யாணம், பெண்டாட்டிக்கு உயிர் போகிற நோய். இப்படி ஏதாவது இருந்தால்தான் மனுவைக் கையில் எடுப்பார்கள். இங்கே அரிகிருஷ்ணன் என்று ஒருத்தன், இல்லாத தங்கச்சிக்கு இரண்டு முறை கல்யாணம் செய்து வைத்துவிட்டு வந்தான். மாப்பிள்ளை வீட்டார் சரியில்லை என்று குறை வேறு சொன்னான். நீயும் வேண்டுமென்றால் அப்படி எதையாவது எழுது. தீவு, மீன் என்று எழுதாதே.

அதுவும் போக, எனக்கு அந்த மாதிரி இடத்துக்கு வர மனசு இல்லை அஞ்சலை. லாரி ஸ்டாண்டில் அன்றைக்கு நான் தள்ளிவிட்டவன் எழுந்து வந்து அடிப்பான் என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் எழுந்திருக்கவில்லை. அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளை யார் கடலுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று தெரியவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நான் மணலில் உட்கார்ந்து மீன் தின்பது?

பிள்ளைகளை நீ கூட்டிப்போ. இங்கே மட்டும் கூட்டி வராதே.

சக்கரபாணி


லாஸ்பேட்டை,
16-2-2025

தத்துவம் பேசுகிற மாமாவுக்கு,

அந்தப் பிள்ளைகளை நினைத்து நானும் சாமி கும்பிடுகிறேன். அதற்காக நம் பிள்ளைகளுக்கும் அப்பன் இல்லாமல் போக வேண்டுமா? ஒரு நாள் கேட்கிறேன். ஒரு வேளைச் சோறு.

கோர்ட்டு வாசலில் மனு டைப் அடிக்கிற கோபிநாத் சாரிடம் போனேன்.

"காரணம் என்னாம்மா?"

"நாலு பேரும் தீவுக்குப் போயி, அங்கயே சாப்ட்டுட்டு வரணும் சார்."

"அது காரணம் இல்லம்மா. யாருக்குனா ஒடம்பு முடியலயா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். அதனாலதான் போவணும்னு சொல்றேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கூட வந்த செல்வாம்பாள் என் இடுப்பில் இடித்தாள்.

"மாமியார் சாவக் கெடக்குதுன்னு எழுதுடி."

"அது செத்து எத்தினி வருசம் ஆவுது!"

"கவர்மெண்டுக்கு யாரு போயி சொன்னா?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செத்துப்போன உங்கம்மாவை மறுபடியும் சாகடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு தடவைக்கே நீ அப்படி அழுதாய். உயிரோடு இருக்கிற யாரையும் சாகப்போவதாக எழுதவும் மாட்டேன். வாய்விட்டுச் சொன்னது வீட்டுக்கு வந்து உட்காரும். உண்மையையே எழுதுங்கள் சார் என்றேன். "குடும்பத்துடன் ஒரு நாள் வெளியே சென்று உணவருந்தி வர" என்று அடித்துக் கொடுத்தார். படித்துப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

என்ன எடுத்துப்போவது என்றும் முடிவாகிவிட்டது. எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், சங்கரா மீன் வறுவல். அங்கே கடையில் இறால் வறுத்துத் தருவார்களாம். ஒரு தட்டு வாங்கி நாலு பேரும் பிடுங்கித் தின்போம். சிந்துஜா புது சுடிதார் எடுத்து வைத்திருக்கிறாள். உனக்கு நீச்சல் தெரியாது. முட்டிக்கு மேல் தண்ணீரில் இறங்க விடமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

மனு போட்ட மகராசி,
அஞ்சலாட்சி


சிறையிலிருந்து,
3-3-2025

அஞ்சலைக்கு,

உன் மனுவை ஆபீசில் சத்தமாக வாசித்தார்கள். வார்டர் ஒருத்தர் வந்து, "யோவ் சக்கரபாணி, உன் சம்சாரம் உன்ன பீச்சுக்குக் கூப்புடுதாம்யா. துண்டு வெச்சிருக்கியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு நானும் சிரித்தேன். மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

போன வாரம் போனில் நீ எடுக்கவில்லை, சிந்துஜா எடுத்தாள். அம்மா எங்கே என்றேன். படுத்திருக்கிறாள் என்றாள். சாப்பிட்டாளா என்றேன். முகிலனிடம் போனைக் கொடுத்துவிட்டாள். பகலில் நீ படுத்து நான் பார்த்ததில்லை, பிரசவத்தைத் தவிர.

என்ன விஷயம்? விளையாடாமல் எழுது.

சக்கரபாணி


லாஸ்பேட்டை,
15-3-2025

மாமா,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். உட்கார்ந்து படி.

தையல் போட்ட இடம் நன்றாகத்தான் இருக்கிறது. வெட்டி எடுத்த கட்டிதான் அங்கேயிருந்து கிளம்பி ஈரலுக்குப் போய்விட்டதாம். என்னைவிட அதற்கு ஊர் சுற்றுகிற ஆசை அதிகம். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டரம்மா ஒன்று, நம் சிந்துஜாவுக்கு அக்கா மாதிரி இருக்கும். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கூட யாருனா வந்திருக்காங்களாம்மா?" என்றது.

"வூட்டுக்காரரு வெளியூர்ல இருக்காரு."

"எப்ப வருவாரு?"

"ஜட்ஜ் ஐயாவத்தான் கேக்கணும்" என்றேன். அது சிரிக்கவில்லை.

அடுத்த தீபாவளிக்கு இருப்பேனா என்று கேட்டேன். "மருந்து குடுக்குறோம்மா" என்றது. கேட்டதற்குப் பதிலா அது? ஆனால் பதில் தெரிந்துவிட்டது. மருந்து ஏற்றினார்கள். தலைமுடி போய்விட்டது. திருப்பதிக்கு வேண்டுதல் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். சிந்துஜாவுக்குத் தெரியும். முகிலனுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

இதைப் படித்ததும் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். காரணம் கிடைத்துவிட்டது, எழுதிப் போடு என்பாய். மாட்டேன் மாமா. அதை எழுதினால் நீ வருவாய். எப்படி வருவாய்? கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு போலீஸ். கட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலி. வாசல் முழுக்கத் தெரு ஜனம். நீ அழுவாய், நான் அழுவேன். அப்பன் யார் என்று பார்க்கிற அன்றைக்கே, அம்மா சாகப்போகிறாள் என்பதையும் முகிலன் பார்த்துவிடுவான். அதற்கப்புறம் உன்னை எப்போது நினைத்தாலும் அவனுக்கு அந்த ரூம்தான் ஞாபகம் வரும். அவன் உன்னை வெயிலில் பார்க்க வேண்டும். கால் நனைய நிற்கிறவனாக, தின்கிறவனாக, அவன் தட்டிலிருந்து ஒரு துண்டு பிடுங்குகிறவனாகப் பார்க்க வேண்டும். நம் நாலு பேருக்கும் சேர்த்து ஒரு நாளாவது அப்படி இருந்தது என்று ஆகட்டும்.

அதனால் மறுபடியும் மனு போட்டிருக்கிறேன். அதே காரணம்தான். இந்தத் தடவை கோபிநாத் சார் "குடும்ப ஒற்றுமை" என்றெல்லாம் கனமாக நாலு வார்த்தை சேர்த்திருக்கிறார்.

அழாதே. உனக்கு அழுதால் மூக்கு பெரிதாகிவிடும். ஏற்கனவே பெரிது.

உன்,
அஞ்சலை


சிறையிலிருந்து,
2-4-2025

அஞ்சலை,

என்ன எழுதுவது என்று தெரியாமல் நாள் போய்விட்டது.

போனுக்குக் காத்திருக்காதே. உன் லெட்டர் வந்த அன்றைக்கு, வரிசையில் இருமுகிறவனை அடித்துவிட்டேன். அவன் ஒன்றும் செய்யவில்லை, இருமினான், அவ்வளவுதான். போனையும், பார்க்க வருகிறவர்களையும் நிறுத்திவிட்டார்கள்.

நீ எழுத வேண்டாம். உன் மனசு புரிகிறது. எனக்கும் இங்கே ஒரு பேனா இருக்கிறது. கட்டிலோ கடலோ, எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

மருந்தை விடாதே. நெஞ்சு எரிந்தால் மோர் குடி.

சக்கரபாணி


லாஸ்பேட்டை,
28-4-2025

என் ராசா, என் மாமாவுக்கு,

இனிப்பான சேதி! வாயைத் திற, சர்க்கரை போடுகிறேன். உன் லீவு கிடைத்த மாதிரிதான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தீவுக்குப் போனோம். நீ வருவதற்குள் வழி பார்த்து வைக்க வேண்டாமா? ஒத்திகை என்று வைத்துக்கொள். அடுத்த மருந்து ஏற்றினால் கொஞ்ச நாள் எழுந்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னது. அதற்கு முன்னால் போய்விடலாம் என்று கிளம்பினேன். விடிவதற்குள் எலுமிச்சைச் சோறு கிண்டி, மீன் வறுத்தாயிற்று. சிந்துஜா எனக்குப் பவுடர் போட்டு, உதட்டுக்கு எதையோ தடவி, தலையில் கட்டின துணிமேல் மல்லிகைப்பூவைக் குத்திவிட்டாள். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சந்தேகம், இது யார் வீட்டுப் பெண் என்று.

செருப்பு மாட்டுகிற நேரத்தில் வாசலில் ஒரு ஏட்டு.

"சக்கரபாணி சம்சாரம் யாரு?"

"நாந்தான் சார். ஏன், என்னயும் புடிச்சுக்குனு போவப் போறீங்களா?"

"லீவு மனு விசயமா விசாரிக்க வந்தேம்மா."

எனக்குக் கால் தரையில் இல்லை மாமா. நம் மனுவுக்கு விசாரணை! கோபிநாத் சாரின் கனமான வார்த்தை வேலை செய்துவிட்டது. சரி, இது ஒழுங்கான குடும்பம், சந்தோஷமாக வெளியே போய் வருகிற குடும்பம் என்று அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"ஒடம்பு எப்டிம்மா இருக்குது?" என்றார்.

முகிலன் பந்தைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறான்.

"எனக்கென்னா சார், குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

"ஆஸ்பத்திரிக்கு எதுனா போறீங்களா?"

"ஆஸ்பத்திரிக்குப் போற மூஞ்சியா சார் இது? பாருங்க, தீவுக்குக் கெளம்பிட்டோம். அவர விட்டீங்கன்னா அவரையும் இட்டுக்குனு போவோம். இந்தாங்க, சங்கரா மீனு, சூடா இருக்குது."

சிந்துஜா பின்னாலிருந்து, "சார், அம்மாவுக்கு..." என்று ஆரம்பித்தாள். நான் திரும்பி ஒரு முறை முறைத்தேன், வாயை மூடிக்கொண்டாள். ஏட்டு மீனைத் தின்றுகொண்டே இரண்டு வரி எழுதி, கையெழுத்துக் கேட்டார். ஒரு எழுத்து விடாமல் அஞ்சலாட்சி என்று முழுசாகப் போட்டேன். போகும்போது என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நல்லா இரும்மா" என்றார். எப்படி என் சாமர்த்தியம்?

அப்புறம் கேள். படகில் ஏறினதும் ஆளுக்கு ஒரு ஆரஞ்சு சட்டை மாட்டிவிடுகிறார்கள். முகிலன் அதைப் போட்டுக்கொண்டு போலீஸ் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆற்றில் மெதுவாகப் போகிறது படகு, இரண்டு பக்கமும் பச்சை. இறங்கினால் மணல் சுடுகிறது. அந்தப் பக்கம் கடல் இரைகிறது. முகிலன் அலையைத் திட்டினான். "வா, வா, பாத்துர்றேன் உன்ன" என்கிறான். அலை வந்ததும் என் புடவைக்குள் ஒளிகிறான். வீரத்தில் உன்னை மாதிரியேதான். சிந்துஜா எல்லாவற்றையும் போட்டோ எடுத்தாள். என்னை எடுக்கும்போது மட்டும் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

கடையில் நாலு நாற்காலி இழுத்துப் போட்டோம். "இன்னும் ஒருத்தர் வரணுமா?" என்று கடைப்பையன் கேட்டான். "ஆமா, எங்கப்பா. லீவு கெடைச்சதும் வருவாரு" என்றான் முகிலன், கடற்கரைக்கே கேட்கிற மாதிரி. பக்கத்து மேசைக்காரர்கள் உன்னை மிலிட்டரி என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

இறால் ஒன்று தின்றேன். உன் பங்குக்கு இன்னொன்று. இரண்டையும் கொஞ்ச நேரத்தில் முகிலன் பார்க்காத பக்கமாகப் போய்க் கடலுக்கே கொடுத்துவிட்டேன். அது கிடக்கட்டும். வெயில் நன்றாக இருந்தது. அந்த நாலாவது நாற்காலியில் முகிலன் யாரையும் உட்கார விடவில்லை.

சட்டை அளவு எழுதி அனுப்பு. இளைத்திருப்பாய்.

வெற்றி வீராங்கனை,
அஞ்சலாட்சி


சிறையிலிருந்து,
14-5-2025

அஞ்சலை,

உன் லெட்டர் வருவதற்கு முன்பே எனக்கு விஷயம் வந்துவிட்டது.

அந்த ஏட்டு வந்தது உன் மனுவுக்கு இல்லை. உன் இரண்டாவது மனுவை வந்த அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டார்கள். அவர் வந்தது என் மனுவுக்கு. பெண்டாட்டி உயிருக்குப் போராடுகிறாள், கடைசியாக ஒரு முறை பார்க்க வேண்டும் என்று நான் எழுதிப் போட்டிருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பாய் என்று சொல்லவில்லை.

அதிகாரி என்னை நிற்க வைத்து ரிப்போர்ட்டை வாசித்தார். "மனுதாரரின் மனைவி பூவும் பொட்டுமாக, நல்ல உடல்நலத்துடன், பிள்ளைகளோடு உல்லாசப் பயணம் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தமக்கு எந்த நோயும் இல்லை என்று கையொப்பமிட்டுள்ளார்." வாசித்துவிட்டு, "சாவப்போற பொண்டாட்டின்னு அழுதியே, அது பீச்சுக்குப் போவுதேய்யா. எத்தினி பேருய்யா கெளம்பியிருக்கீங்க இப்டி?" என்றார். சத்தியம் பண்ணினேன். காலில் விழுந்தேன். பொய்க் காரணம் காட்டியதால் இந்த வருஷம் முழுவதும் என் பேரில் எந்த மனுவையும் எடுக்கக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வருஷம் முழுவதும் அஞ்சலை.

வாயைத் திறந்தாலே உனக்கு விளையாட்டு. ஒரு தடவை, ஒரே ஒரு ஆளிடம், உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா? மகளை வேறு முறைத்தாயாம். அதையும் பெருமையாக எழுதுகிறாய்.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் வேறு தாள் தரவில்லை. நான்தான் சொல்லாமல் செய்தேன். நீதான் சொல்லாமல் மறைத்தாய். யாரை அடிக்க?

இனிமேல் எனக்கு எழுதாதே. நீ எழுதினால் சிரித்துவிடுகிறேன். சிரித்த பிறகு இந்த இடத்தில் இருக்க முடியவில்லை.

சக்கரபாணி


லாஸ்பேட்டை,
9-7-2025

மாமா,

எழுதாதே என்றாய். நான் என்றைக்கு உன் பேச்சைக் கேட்டேன்?

இதை ஒரே மூச்சில் எழுதவில்லை. நாலு வரி எழுதுவேன், படுப்பேன், மறுபடி எழுந்து எழுதுவேன். கோணல் மாணலாக இருந்தால் என் கையைத் திட்டு.

உன் லெட்டர் வந்த அன்றைக்கு நான் அடுப்பைக்கூடப் பற்ற வைக்கவில்லை. பேனா இருக்கிறது என்று நீ எழுதியது என் மரமண்டையில் ஏறவில்லையே. மறுநாள் ஆஸ்பத்திரி ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு என்னைப் பார்த்து, "என்னாம்மா, மீனு எதுனா கொண்டாந்திருக்கியா?" என்றார். ஃபைலை மேசைமேல் வைத்தேன். தலைத்துணியை அவிழ்த்தேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா!"

"பையன் நின்னுக்குனு இருந்தான் சார்."

வேறு ரிப்போர்ட் எழுதி மேலே அனுப்பினார். நல்ல மனுஷன், அவரைத் திட்டாதே. மேலேயிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டு தடவை ஜெயில் ஆபீசுக்கு நேரில் போனேன். மூன்றாவது தடவை போக வாசல் வரைக்கும்தான் முடிந்தது. சிந்துஜா போனாள். எழுதினது எழுதினதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

டாக்டரம்மா இப்போதெல்லாம் மருந்து பற்றிப் பேசுவதில்லை. வலிக்கு மட்டும் கொடுக்கிறது. முகிலனுக்கு நானே சொல்லிவிட்டேன். "அப்பா மாதிரி போயிடுவியா?" என்றான். அதைவிடக் கொஞ்சம் தூரம் என்றேன். அதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துகொள்கிறான்.

உன் பேரில் சிவப்பு மை இருந்தாலும் ஒரு லீவு மட்டும் தருவார்களாம். கோபிநாத் சாரை வீட்டுக்கே வரச்சொல்லிக் கேட்டேன். அதற்கு யாரும் வந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க மாட்டார்கள். நானும் வாயைத் திறந்து கெடுக்க முடியாது.

அந்த ஒரு நாளைத்தான் நாம் பத்திரமாகச் செலவு பண்ண வேண்டும். கேள். சேதி வந்ததும் பதறிக்கொண்டு அன்றைக்கே ஓடி வராதே. அன்றைக்கு வந்தால் நான் கிடக்கிறதைத்தான் பார்ப்பாய். பறை அடிக்கிற சத்தத்தில் பிள்ளைகளோடு ஒரு வார்த்தை பேச முடியாது. கொள்ளியைச் செல்வாம்பாள் வீட்டுக்காரர் முகிலன் கையைப் பிடித்து வைக்கட்டும், சொல்லியாகிவிட்டது. நீ மறுநாள் பால் தெளிக்கு வா. எலும்பு பொறுக்கிச் சட்டியில் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோகிற நாள். அதற்கென்றே கேட்டு வாங்கு. தீவுக்குப் போகிறேன் என்றால்தான் விடமாட்டார்கள். பெண்டாட்டி சாம்பலைக் கரைக்கப் போகிறேன் என்றால் எந்த அதிகாரியும் மறுக்க மாட்டார்.

எல்லாரும் பக்கத்துக் கடலில் கரைத்துவிட்டு ஆட்டோவில் திரும்பிவிடுவார்கள். நீ சுண்ணாம்பாற்றுக்குப் போ. சிந்துஜாவுக்கு வழி தெரியும். உனக்கு ஒரு டிக்கெட், பிள்ளைகளுக்கு இரண்டு, கூட வருகிற போலீஸ்காரர்களுக்கும் எடுத்துவிடு பாவம், அவர்களும் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். எனக்கு எடுக்க வேண்டாம். சட்டியைத் துணியில் கட்டி உன் மடியில் வைத்துக்கொள். படகுக்காரன் கேட்டால் சாப்பாடு என்று சொல்.

அப்படித்தான் மாமா நாம் நாலு பேரும் போக முடியும். நான் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். வேறு வழி இல்லை.

ஆறும் கடலும் சேர்கிற இடத்தில் என்னை விடு. முட்டித் தண்ணீருக்கு மேல் இறங்காதே. தலை முழுகிவிட்டுக் கரைக்கு வந்ததும், நின்று அழுதுகொண்டிருக்காதே. சாவு வீட்டில் உலை வைக்க மாட்டார்கள், பிள்ளைகள் இரண்டும் முந்தின நாளிலிருந்து வெறும் வயிறாக இருக்கும். நேராகக் கடைக்குக் கூட்டிப்போ. முகிலனுக்கு இறாலை நீயே உரித்துக் கொடு, வாலை விட்டுவிட்டால் தொண்டையில் குத்தும். சிந்துஜா வேண்டாம் என்பாள், விடாதே. நீயும் சாப்பிடு. இறங்காதுதான். இருந்தாலும் சாப்பிடு. அவன் உன்னையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அஞ்சலாட்சி